எந்த எண்ணை எழுதுவது?



பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மாணவர் எழுதிய கடிதம் இந்த மாதம் எங்கள் மேசைக்கு வந்தது. தடித்த அட்டை, பித்தளைக் கம்பி, பழைய பொம்மை ரயிலின் சக்கரங்கள் இவற்றை வைத்து மீட்டர் கேஜ் கரி எஞ்சின் ஒன்றைச் செய்திருக்கிறார். பின்னால் கோக்கச் சில பெட்டிகளும், கடைசியில் ஒரு கார்டு வண்டியும் தயார். கறுப்பு பெயின்ட் அடித்த பிறகு கை நின்றுவிட்டதாம். "எஞ்சினில் எந்த நம்பரை எழுதுவது? என் தாத்தா வில்லியனூரில் ஏறி விழுப்புரம் போன ரயிலாக அது இருக்க வேண்டும்" என்று கேட்கிறார்.

ஏதோ நான்கு இலக்கங்களை எழுதிவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். பார்க்கிறவர்கள் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனாலும் அவர் நின்று யோசித்திருக்கிறார். அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். அந்தப் பதில் நம் ஊர்களில் வாழும் எல்லோருக்கும் உரியது என்று தோன்றியதால், இந்தப் பக்கத்தையும் அதற்கே கொடுக்கிறேன்.

தம்பி, முதலில் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். எண் அதற்குப் பிறகு வரும்.

விழுப்புரத்திலிருந்து வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு வரும் சுமார் 38 கிலோமீட்டர் பாதை 1879-இல் திறக்கப்பட்டது. ஒரு முனை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. மறுமுனை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில். பிரெஞ்சு எல்லைக்குள் வந்த பகுதி பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனிக்குச் சொந்தம். அதில் வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. வில்லியனூர் நிலையம் பிரெஞ்சு மண்ணில் நின்றது. இன்று டிக்கெட் எடுத்து ஏறி உட்காரும் இந்தச் சிறு தூரத்தில் அன்று ஒரு நாட்டின் எல்லையும் சுங்கச் சோதனையும் இருந்தன.

1951 ஏப்ரல் 14 அன்று தென்னிந்திய ரயில்வே, மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் ஒன்றாகித் தெற்கு ரயில்வே பிறந்தது. 1954 அக்டோபர் 18 அன்று நம் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வே தன் எஞ்சின்கள் அனைத்துக்கும் ஒரே அகில இந்திய எண் வரிசையைக் கொண்டுவந்தது. அதுவரை ஒவ்வொரு ரயில்வேயும் தன் எஞ்சின்களுக்குத் தானே எண் வைத்துக்கொண்டிருந்தது. புது வரிசையில் பழைய வகை எஞ்சின்களுக்கு ஐந்து இலக்க எண்கள் வந்தன. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்களில் 373 என்று தொடங்கும் எண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை இந்த வரிசையைச் சேர்ந்தவை.

இந்த ஆண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வில்லியனூர் நடைமேடையில் நிற்கும் ஒரு பழைய எஞ்சினை எண்ணிப் பாருங்கள். 1950 என்றால் கரி சுமக்கும் டெண்டரில் தென்னிந்திய ரயில்வேயின் எழுத்துகள் இருக்கும். நிலையத்தில் பிரெஞ்சு ஆட்சி நடக்கும். 1955 என்றால் தெற்கு ரயில்வேயின் எழுத்துகள் வந்திருக்கும், எண் மட்டும் பழையதாகவே இருக்கும். பிரெஞ்சுக் கொடி இறங்கியிருக்கும். 1960 என்றால் எழுத்தும் புதிது, எண்ணும் புதிது. இரும்பு அதேதான், பாய்லர் அதேதான், அதை ஓட்டும் டிரைவரும் அவரேயாக இருக்கலாம். பத்தே ஆண்டுகளில் அது மூன்று வேறு எஞ்சின்களாகத் தோன்றுகிறது. அதனால்தான் சொல்கிறேன்: மாடல் எஞ்சினில் எழுதும் எண், அது நிற்கும் காலத்துக்கும் மண்ணுக்கும் கையெழுத்துப் போட்ட சாட்சி.

எனவே தாத்தாவிடம் எண்ணைக் கேட்காதீர்கள். அதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ரயில் ஏறியபோது அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, கையில் குழந்தை இருந்ததா, விழுப்புரத்தில் இறங்கி யார் வீட்டுக்குப் போனார் என்று கேளுங்கள். அந்தப் பேச்சிலிருந்து ஆண்டு தானே வெளியே வரும்.

ஆண்டு 1960-களோ 70-களோ என்று தெரிந்தால் வேலை எளிதாகிவிடும். அப்போது நம் மீட்டர் கேஜ் பாதைகளில் பெரும்பாலும் ஓடியவை ஒய்.பி., ஒய்.ஜி. என்ற இரண்டு வகைகள். ஒய் என்றால் மீட்டர் கேஜ். பி என்றால் பயணிகள் வண்டிக்கானது. ஜி என்றால் சரக்கு வண்டிக்கானது. ஒய்.பி. வகையில் மொத்தம் 871 எஞ்சின்கள். எண்கள் 2000 முதல் 2870 வரை. பெரும்பகுதி ஜாம்ஷெட்பூரில் டெல்கோ தொழிற்சாலையில் உருவானவை. ஒய்.ஜி. வகையில் 1,074, எண்கள் 3000 முதல் 3573 வரையும், பிறகு 4000 முதல் 4499 வரையும். இரண்டு வகைகளுமே 1949 முதல் வந்தவை. ஆகவே 1945-ஆம் ஆண்டு வில்லியனூரில் ஒய்.பி. எஞ்சினை நிறுத்தக் கூடாது. ஒய்.ஜி. எஞ்சினில் 3800 என்று எழுதவும் கூடாது. அப்படி ஓர் எஞ்சின் உலகத்தில் பிறக்கவே இல்லை.

வரிசைக்குள் இருக்கும் எண் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாமா என்றால், அதுவும் போதாது. எஞ்சின்கள் எல்லாப் பக்கமும் அலையவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு லோகோ ஷெட் வீடாக இருந்தது. நம் பக்கத்து வீடு விழுப்புரம் ஷெட். ஷெட்டின் சுருக்க எழுத்தை எஞ்சினிலேயே எழுதியிருப்பார்கள். விழுப்புரம் நிலையத்தின் சுருக்கம் வி.எம். பெரிய பராமரிப்புக்கு எஞ்சின் திருச்சி பொன்மலைப் பணிமனைக்குப் போய்த் திரும்பும். 1960-களில் தாம்பரம் முதல் விழுப்புரம் வரை மீட்டர் கேஜ் பாதை மின்மயமான பிறகு, சென்னையிலிருந்து மின்சார எஞ்சின் இழுத்துவந்த வண்டிகளுக்கு விழுப்புரத்தில் எஞ்சின் மாறும். வட இந்திய ஷெட் ஒன்றில் வாழ்ந்து முடித்த எஞ்சினின் எண்ணை நம் வில்லியனூரில் எழுதினால், ஷெட்டில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரின் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். பழைய புகைப்படம் ஒன்றாவது கையில் இருந்தால் அந்த எண்ணையே எழுதுங்கள். அதைவிட உறுதியான ஆதாரம் வேறில்லை.

இனி கை வேலைக்கு வருவோம். முதலில் அளவு. மீட்டர் கேஜில் தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். அதனால் இந்த அளவில் வேலை செய்வோர் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஒய்.பி. எஞ்சினின் பெரிய சக்கரம் 1,372 மில்லிமீட்டர் விட்டம், இங்கே 15.8 மில்லிமீட்டர். ஒய்.ஜி.யின் சக்கரம் 1,219 மில்லிமீட்டர், இங்கே 14. இந்த ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான் வேகமாக ஓடும் எஞ்சினும் சரக்கு இழுக்கும் எஞ்சினும் தனித்தனியாகத் தெரிகின்றன. விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை முழுவதையும் இந்த அளவில் போட வேண்டுமென்றால் 437 மீட்டர் இடம் வேண்டும். யாருக்கும் அவ்வளவு இடம் கிடைக்காது. ஆகவே ஒரே ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; வில்லியனூர் போதும்.

அடுத்து முகம். ஐரோப்பிய மாடலை வாங்கி நம் ஊர் எஞ்சினாக மாற்றுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதன் முன்பலகையை. அந்த எஞ்சின்கள் பலவற்றில் பஃபர் இடமும் வலமுமாக இரண்டு இருக்கும். நம் மீட்டர் கேஜ் வண்டிகளில் நடுவில் ஒன்றுதான். இரண்டையும் வெட்டி எடுத்து, நடுவில் ஒன்றைப் பொருத்துங்கள். கீழே மாடுதள்ளி வேண்டும். மேலே பெரிய முகவிளக்கு வேண்டும். அச்சில் வார்த்தபோது பாய்லரோடு ஒட்டியே வந்த கைப்பிடிக் கம்பிகளைச் சீவி எடுத்துவிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியில் புதிதாகப் போடுங்கள். கம்பிக்கும் பாய்லருக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும்போதுதான் இரும்பு இரும்பாகத் தெரியும். டெண்டரில் கறுப்பு பிளாஸ்டிக்கை விட்டு வைக்காதீர்கள். நிஜ நிலக்கரியைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, சலித்து, பசையில் பரப்பினால் அதற்கு ஈடே கிடையாது.

பிறகு எண். கடையில் வாங்கிய மாடலில் ஏற்கெனவே ஓர் எண் இருந்தால், காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, எண்ணின் மேல் மட்டும் மெதுவாகச் சுற்றித் தேய்க்க வேண்டும். முதலில் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். சில பெயின்ட்டுகள் இந்தத் திரவத்தைத் தாங்காது. எண் போன இடத்தில் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். தண்ணீரில் நனைத்து ஒட்டும் டீக்கால் சொரசொரப்பான மேற்பரப்பில் உட்கார்ந்தால் அடியில் காற்று தங்கி வெள்ளி பூத்ததுபோல் தெரியும். ஒட்டிக் காய்ந்ததும் பளபளப்பில்லாத வார்னிஷால் மூடிவிட்டால் ஓரம் மறைந்துவிடும்.

வீட்டு பிரின்டர் வெள்ளை மை அடிக்காது. அதற்கு வழி உண்டு. வெள்ளை டீக்கால் தாளில் எண்ணைச் சுற்றிலும் கறுப்பை அச்சடித்து, எண்ணை மட்டும் வெள்ளையாக விட்டு, நெருக்கமாக வெட்டி ஒட்டுங்கள். ஓரத்தை எஞ்சினின் கறுப்பால் நுனித் தூரிகை கொண்டு தொட்டுவிடுங்கள். நிஜத்தில் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் இலக்கம் இங்கே 2.3 மில்லிமீட்டர் இருக்கும். அதைக் கையால் எழுதும் பொறுமையும் பார்வையும் உள்ளவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை நான் வணங்குகிறேன்.

கார்டு வண்டியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். எஞ்சினுக்கு மாதக்கணக்கில் உழைத்தவர்கள் கடைசி வண்டியை வாங்கியபடியே கோத்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. வரிசையாக நிற்கும் பெட்டிகளை ஒரு ரயிலாக்குவது அந்தக் கடைசி வண்டிதான். அதனுள் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் கையருகே கை பிரேக்கின் சக்கரமும், பிரேக்கின் வேக்குவத்தைக் காட்டும் மானியும், அந்த வேக்குவத்தை விடுவித்து வண்டியை நிறுத்தும் வால்வும் உண்டு. பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கைவிளக்கும் அவருடையவை. வண்டி நடுவில் அறுந்து பின்பகுதி தனியாக நின்றால் அதைக் காக்கும் பொறுப்பும் அவருடையதே. 2022 முதல் ரயில்வே அவரை டிரெயின் மேனேஜர் என்று அழைக்கிறது. நம் வீடுகளில் அவர் இன்றும் கார்டுதான்.

வண்டியின் பின்புறத்தில் எல்.வி. பலகை தொங்கும். இதுதான் கடைசி வண்டி என்பதற்கான அடையாளம் அது. இரவில் சிவப்பு வால்விளக்கு எரியும். பக்க விளக்குகள் பின்னால் சிவப்பும் முன்னால் வெள்ளையும் காட்டும். டிரைவர் திரும்பிப் பார்த்தால், கார்டு வண்டி கூடவே வருகிறது என்று அந்த வெள்ளை வெளிச்சம் சொல்லும். வண்டி நிலையத்தைக் கடக்கும்போது அங்கே பணியில் இருப்பவர் இந்த அடையாளத்தைப் பார்த்த பிறகே, வண்டி முழுசாக வந்துவிட்டது, பாதை காலி என்று முந்தைய நிலையத்துக்குச் சொல்வார். பலகை இல்லை என்றால் பின்னால் சில பெட்டிகள் எங்கோ நிற்கின்றன என்று பொருள். அந்தப் பாதையில் இன்னொரு வண்டியை விடக் கூடாது. இரண்டு எழுத்துள்ள ஒரு சிறு பலகை எத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது!

ஆகவே உங்கள் மாடலில் அந்தப் பலகையை மறக்காதீர்கள். இரு முனையிலும் திறந்த வராந்தா உள்ள சரக்குக் கார்டு வண்டி என்றால், கைப்பிடிக் கம்பிகளை மெல்லிதாகப் போடுங்கள். உள்ளே பிரேக் சக்கரம் ஒன்று, உட்காரப் பலகை ஒன்று, வெள்ளைச் சட்டையில் ஓர் ஆள். வண்டியின் உடலில் அதன் எண், சொந்தக்கார ரயில்வேயின் எழுத்து, கடைசியாகப் பணிமனைக்குப் போய்வந்த தேதி, பணிமனையின் சுருக்கம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அந்தத் தேதியை நீங்கள் தேர்ந்தெடுத்த ஆண்டோடு பொருத்துங்கள். 1965-ஆம் ஆண்டுக் காட்சியில் 1971 தேதி இருந்தால் அத்தனை உழைப்பும் பொய்யாகிவிடும்.

எண் எழுதி முடித்த பிறகுதான் அழுக்கு. கரி எஞ்சின் உழைக்கும் எஞ்சின். புகைபோக்கியைச் சுற்றிக் கரிப்புகை, பாய்லர் மேல் நீராவி கசிந்த இடத்திலிருந்து இறங்கும் வெள்ளை உப்புக் கோடு, சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு, டெண்டர் விளிம்பில் கரித்தூள், அடிப்பகுதியில் பாதைத் தூசி. ஒவ்வொன்றும் அதனதன் காரணம் இருக்கும் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். காரணமில்லாமல் எங்கும் பழுப்பைப் பூசினால் அது கைவிடப்பட்ட எஞ்சினாகிவிடும். கார்டு வண்டியில் கரிப்புகையைவிடத் தூசிதான் அதிகம். மனிதர் கை படும் கம்பிகளில் மட்டும் பெயின்ட் தேய்ந்து இரும்பு மின்ன வேண்டும்.

பின்னணியும் ஆண்டுக்குக் கட்டுப்பட்டதே. கைகாட்டி மரங்கள் நிற்கட்டும். தொலைவில் திருக்காமீசுவரர் கோயில் கோபுரமும், 1877-இல் தோன்றிய லூர்து மாதா திருத்தலமும் தெரியட்டும். அவை இரண்டும் ரயிலுக்கு முன்பே வந்துவிட்டவை. புதுச்சேரியின் பெயர் வரும் பலகைகளில் ஆங்கில எழுத்தில் 'பாண்டிச்சேரி' என்றே இருக்க வேண்டும். அரசு அதைப் 'புதுச்சேரி' என்று மாற்றியது 2006-இல்தான்.

இந்தக் காட்சிக்கான ஆட்களையும் குடங்களையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. வில்லியனூர் சுடுமண் சிற்பங்களும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்ற கைவேலைகள். 2020-இல் பத்மஸ்ரீ பெற்ற சுடுமண் கலைஞர் முனுசாமி நம் மண்ணைச் சேர்ந்தவர். களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும் என்பதைக் கணக்கில் வைத்து, முதலிலேயே சற்றுப் பெரிதாகப் பிடிக்கும் அறிவு இந்தக் குடும்பங்களில் தலைமுறைகளாக இருக்கிறது. அளவு மாறாமல் சிறிதாகச் செய்வது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ரயில் மாடல் செய்யும் இளைஞர்கள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒருமுறை போய் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

நேரில் அளவெடுக்க விரும்புகிறவர்களுக்குச் சென்னை ஐ.சி.எஃப். வளாகத்தில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. திருச்சியிலும் ஒன்று இருக்கிறது. மாடல் ரயில் உலகம் எவ்வளவு விரிந்தது என்று பார்க்க, புனேயில் பாவுசாகேப் ஜோஷி உருவாக்கிய சிறு ரயில்களின் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1998 முதல் அது மக்களுக்குத் திறந்திருக்கிறது. ஒரு மனிதரின் ஆர்வம் ஒரு நகரத்தின் சொத்தாக மாறியதற்கு அது சான்று.

நம் பாதை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப்பாதையானது. பாகூர்க்காரர்கள் ரயில் ஏறப் போகும் கடலூர்ப் பக்கத்துப் பாதையும் 2010-இல் அகலமாகிவிட்டது. இது நல்ல முன்னேற்றம். நான் அதை வரவேற்கிறேன். ஆனால் மீட்டர் கேஜ் தண்டவாளம் போனபோது அதன் நினைவுகளை யாரும் கணக்கெடுத்து வைக்கவில்லை. எந்த எஞ்சின் எந்த ஆண்டு வில்லியனூரில் நின்றது என்பது, ஷெட்டில் வேலை பார்த்த பெரியவர்களின் நினைவிலும், கல்யாண ஆல்பங்களில் தற்செயலாகப் பின்னால் பதிந்துபோன படங்களிலும்தான் இருக்கிறது. அந்தப் பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் விழுப்புரம்–புதுச்சேரிப் பாதையில் எடுத்த பழைய படம் இருந்தால், அதன் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். எஞ்சினின் எண் பாதிதான் தெரிகிறதென்றாலும் பரவாயில்லை. படத்தின் பின்னால் ஆண்டையும் ஊரையும் பென்சிலால் எழுதிவையுங்கள். உங்கள் குடும்பத்தில் டிரைவராக, ஃபயர்மேனாக, கார்டாக, பாயின்ட்ஸ்மேனாக, கேங்மேனாக, கேட்கீப்பராக யாராவது வேலை பார்த்திருந்தால், அவரோடு ஒரு மாலை உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். எண், ஆண்டு, இடம் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் ஒவ்வொரு தகவலையும் இதழில் வெளியிடுவோம். வில்லியனூர் வழியாகப் போன எஞ்சின்களின் பட்டியல் ஒன்று மெல்ல மெல்ல உருவாகட்டும். மாடல் செய்கிறவர்களுக்கு அது கையேடாகும்; நம் ஊர்களுக்கு வரலாறாகும்.

பாகூர் மாணவருக்கு: உங்கள் தாத்தாவிடம் பேசிவிட்டீர்களா? ஆண்டைச் சொல்லுங்கள். அந்த ஆண்டுக்கு உரிய எண்ணை, இந்த இதழின் வாசகர்கள் எல்லோரும் சேர்ந்து உங்களுக்குத் தேடித் தருவோம்.

அன்புடன்,
ஆசிரியர்